டிரஸ்டில் வருமானம் யாருக்கு, முதல் யாருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடும்ப டிரஸ்டுகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. கணவர் எழுதிவைத்த டிரஸ்டிலிருந்து மனைவிக்கு ஆயுள் பரியந்தம் வருமானம், அவர் காலத்துக்குப் பின் சொத்து முழுவதும் மக்களுக்கு என்ற ஏற்பாடுதான் பெரும்பாலும் என் மேசைக்கு வருகிறது. அதனோடு, ஆள் மாறினாலும் மாறாத சில சந்தேகங்களும் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

'அறக்கட்டளை' என்றால் தர்ம காரியம் நினைவுக்கு வரும் என்பதால் 'டிரஸ்ட்' என்றே எழுதுகிறேன். டிரஸ்டின் சொத்தைப் பயனாளிகளுக்காக நிர்வகிப்பவர் டிரஸ்டி; இப்போது வருமானம் பெறுபவர் வருமானப் பயனாளி; அவருக்குப் பின் சொத்தைப் பெறப்போகிறவர் பின்னுரிமைப் பயனாளி; சொத்தின் அடிப்படைத் தொகை முதல்.

டிரஸ்டின் வங்கிக் கணக்கில் வந்து விழும் பணமெல்லாம் வருமானம்தானே? அதில் முதல் என்று தனியாக எது?

இல்லை. டிரஸ்டின் சொத்து தன் உருவத்தை இழக்காமல் ஈட்டித் தருவது வருமானம். அந்தச் சொத்தே வேறு உருவத்தில் திரும்பி வருவது முதல். வீட்டு வாடகை வருமானம். அதே வீட்டை விற்று வந்த பணம், அதில் எவ்வளவு லாபம் இருந்தாலும், முதல். வங்கிக்கு இரண்டும் ஒரே பணம்தான் என்பதால் ஒரே கணக்கில் வந்து விழுகின்றன. எனவே பிரிவினை வங்கிக் கணக்கில் தெரியாது. டிரஸ்டி வைத்திருக்கும் பேரேட்டில்தான் தெரியும். ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் எதிரே இரண்டு பத்திகள் இல்லாத பேரேட்டை டிரஸ்ட் கணக்கு என்று நான் ஏற்பதில்லை.

ஒரே குடும்பத்துக்குள் இருக்கும் பணத்தை எதற்கு இப்படிப் பிரிக்க வேண்டும்?

பெறப்போகிறவர்கள் ஒருவரல்ல என்பதால். சொந்தத் தாயும் அவர் பிள்ளைகளும் என்றால் எங்கே எழுதினாலும் பெரிதாகச் சச்சரவு வராது. தந்தையின் இரண்டாம் மனைவி வருமானப் பயனாளியாகவும் முதல் மனைவியின் பிள்ளைகள் பின்னுரிமைப் பயனாளிகளாகவும் இருக்கும்போது, வருமானப் பத்தியில் ஏறும் ஒவ்வொரு டாலரும் முதல் பத்தியில் குறையும் டாலராகவே பார்க்கப்படும். இரு தரப்புக்கும் பாரபட்சமின்றி நடப்பது டிரஸ்டியின் சட்டக் கடமை. பிரிவினை விதிகள் அந்தக் கடமையை நிறைவேற்றும் வழி.

எதை எதில் எழுதுவது என்பது டிரஸ்டியின் இஷ்டமா?

இல்லை, அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டிரஸ்ட் பத்திரம். சட்டத்துக்கு மாறாகவே இருந்தாலும் பத்திரம் சொன்னதுதான் நடக்கும். 'விற்பனை லாபமும் என் மனைவிக்கே' என்று எழுதியிருந்தால் லாபம் மனைவிக்கே. பத்திரம் டிரஸ்டிக்கு விருப்புரிமை கொடுத்திருந்தால் அவர் அதை நியாயமாகப் பயன்படுத்தலாம். பத்திரம் பேசாத இடத்தில் மாநிலச் சட்டம் பேசும். சட்டமும் பேசாவிட்டால் வந்த தொகை முதலோடு சேரும். இந்தக் கடைசி விதியைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாநிலச் சட்டங்களுக்கு மாதிரியாக, சீர்மைச் சட்ட ஆணையம் 1931இல் ஒரு வரைவைத் தந்து, 1962இலும் 1997இலும் திருத்தி, 2018இல் புதிய பெயரில் மீண்டும் எழுதியது. எந்த வரைவை எப்போது, என்ன மாற்றங்களோடு ஏற்பது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. கலிபோர்னியாவில் 2018 வரைவின் வடிவம் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கீழே நான் சொல்பவை பெரும்பாலும் 1997 வரைவை ஒட்டியவை. உங்கள் டிரஸ்ட் எந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்று பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

வாடகை, வட்டி, டிவிடெண்ட் மூன்றும் வருமானம்தான் என்கிறார்கள். விதிவிலக்கே கிடையாதா?

மூன்றுக்கும் உண்டு. வாடகை வருமானம், ஆனால் குடியிருப்பவர் கொடுத்த முன்பணம் வருமானம் அல்ல. திருப்பித் தர வேண்டியிருக்கும் வரை அது முதலோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும். நான் பொறுப்பேற்ற ஒரு டிரஸ்டில் முன்பு கணக்கு எழுதியவர் 6,000 டாலர் முன்பணத்தை வாடகையோடு வாடகையாக எழுதி, மூன்று மாதத்துக்குள் வருமானப் பயனாளிக்கு அனுப்பியும் விட்டார். குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்த நாளில்தான் அது வெளியே வந்தது.

கடன்பத்திரத்தின் வட்டி வருமானம். முதிர்வில் வரும் அசல் முதல். வட்டியே தராமல் குறைந்த விலைக்கு விற்று முழு விலைக்கு முதிரும் பத்திரங்களில் சிக்கல் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் முதிர்ந்தால் வாங்கிய விலைக்கு மேல் வருவது வருமானம். அதற்கு மேற்பட்ட காலம் என்றால் முழுவதும் முதல். எனவே இருபதாண்டு வட்டியில்லாப் பத்திரத்தை வாங்கும் டிரஸ்டி, தெரிந்தோ தெரியாமலோ, வருமானப் பயனாளியைப் பட்டினி போடுகிறார்.

கம்பெனி ரொக்கமாகத் தரும் டிவிடெண்ட் வருமானம். மியூச்சுவல் ஃபண்ட் 'மூலதன ஆதாயப் பங்கீடு' என்று பெயரிட்டுத் தருவது முதல். கம்பெனி உங்கள் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு தரும் பணமும், தன் மொத்தச் சொத்தில் 20 சதவீதத்துக்கு மேல் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணமும் முதல். கம்பெனி தன்னையே கொஞ்சம் கலைத்துத் தருகிறது என்பது அங்குள்ள தர்க்கம். ஃபண்டின் அறிக்கையில் சாதாரண டிவிடெண்டும் ஆதாயப் பங்கீடும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும்; டிசம்பர் மாதத்து அறிக்கையைக் கூர்ந்து பார்க்காதவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கம்பெனி பணமாகத் தராமல் போனஸ் பங்காகக் கொடுத்தால்? அதுவும் லாபத்திலிருந்து வந்ததுதானே?

இன்று அது முதல். ஆனால் உங்கள் கேள்வியைத்தான் நீதிமன்றங்கள் நூறாண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தன. 1857இல் பென்சில்வேனிய நீதிமன்றம், வழக்கத்துக்கு மாறாக வரும் டிவிடெண்டுக்குப் பின்னால் உள்ள லாபம் டிரஸ்ட் தொடங்குமுன் ஈட்டியதா, பின் ஈட்டியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றது. நியாயமான யோசனைதான், ஆனால் அதற்குக் கம்பெனியின் பழைய கணக்குகளையெல்லாம் டிரஸ்டி தோண்ட வேண்டியிருந்தது. 1868இல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம், ரொக்கமாக வந்தால் வருமானம், பங்காக வந்தால் முதல் என்று ஒரே கோட்டில் முடித்தது. நியாயம் சற்றுக் குறைந்தாலும் கணக்கு எழுத முடிகிற விதி அதுதான் என்பதால் பின்வந்த சட்டங்கள் அதன் வழியிலேயே சென்றன.

வீட்டை அப்பா 3 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார், டிரஸ்ட் 8 லட்சத்துக்கு விற்றது. 5 லட்சம் லாபம் வருமானம்தான் என்று சித்தி கேட்கிறார். சரியா?

சரியல்ல. முதல் கேள்விக்கான விடையில் சொன்னபடி 8 லட்சமும் முதல். அதை மறுபடி முதலீடு செய்து வரும் வட்டியும் டிவிடெண்டும் அவருக்குச் சேரும். பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டுமே இந்த விடை மாறும்.

வீடு எரிந்து காப்பீட்டுத் தொகை வந்தாலும் இதே விதிதான்: வீட்டுக்குப் பதிலாக வந்த பணம் முதல். வாடகை நின்றுபோனதற்கு ஈடாகக் காப்பீடு தரும் தொகை மட்டும் வருமானம்.

செலவெல்லாம் யார் தலையில் விழும்?

வழக்கமான பழுதுபார்ப்பு, ஆண்டுதோறும் வரும் சொத்து வரி, காப்பீட்டுப் பிரீமியம், கடனுக்கான வட்டி ஆகியவை வருமானத்திலிருந்து. கடனின் அசல் தவணை, சொத்தின் உரிமை பற்றிய வழக்குச் செலவு, ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் சொத்தின் மீது வரும் எஸ்டேட் வரி ஆகியவை முதலிலிருந்து. டிரஸ்டியின் வழக்கமான சம்பளம், முதலீட்டு ஆலோசகர் கட்டணம், இரு தரப்புக்கும் பொதுவான கணக்குத் தாக்கல் செலவு ஆகியவை 1997 வரைவின்படி பாதிக்குப் பாதி. வங்கிக்கு மாதாமாதம் அனுப்பும் வீட்டுக் கடன் தவணையில் அசலும் வட்டியும் கலந்திருப்பதால், அந்த ஒரே தொகையைப் பேரேட்டில் இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

கூரையில் ஓட்டை அடைப்பது பழுதுபார்ப்பு. கூரையையே மாற்றுவது சொத்தின் மதிப்பைக் கூட்டும் செலவு என்பதால் முதலின் பாடு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் செலவுகளுக்கு டிரஸ்டியின் நிதானம் தவிர வேறு அளவுகோல் கிடையாது. ஒப்பந்தக்காரரின் ரசீதில் என்ன வேலை நடந்தது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது பின்னாளில் உதவும். வாடகைக் கட்டடம் தேய்ந்துகொண்டே வருவதற்கு ஈடாக, நிகர வாடகையில் ஒரு நியாயமான பங்கை முதலுக்கு மாற்றும் அதிகாரமும் டிரஸ்டிக்கு உண்டு. அது கட்டாயம் அல்ல, ஆனால் இருபதாண்டுகள் வருமானம் ஓடவிருக்கும் டிரஸ்டில் அதை யோசிக்காமலே விடுவது பிழை என்பது என் கருத்து.

அப்பா ஜூன் 10ஆம் தேதி இறந்தார். ஜூன் மாத வாடகை 14ஆம் தேதிதான் வந்தது. இறந்த பிறகு வந்த பணம் அம்மாவின் வருமானம்தானே?

பணம் வந்த தேதி இங்கே முக்கியமல்ல. அது கொடுபட வேண்டிய தேதிதான் முக்கியம். ஒப்பந்தப்படி வாடகை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி தர வேண்டியது என்றால், ஜூன் வாடகை அவர் உயிரோடு இருந்தபோதே கடனாகிவிட்டது. ஆகவே மாதத்தின் இருபது நாள் பாக்கி இருந்தபோதிலும் அது முழுவதும் முதல். ஜூலை 1ஆம் தேதி வாடகை முழுவதும் அம்மாவின் வருமானம். ஆறு மாதத்துக்கொருமுறை வட்டி தரும் கடன்பத்திரத்தின் தவணை ஜூலை 1 என்றால், அதில் ஐந்து மாதத்துக்கு மேல் அப்பா காலத்து வட்டியாக இருந்தாலும், முழுத் தொகையும் வருமானமே. தவணைத் தேதி இல்லாத வரவுகளைத்தான் நாள் கணக்கில் பிரிக்க வேண்டும்.

டிவிடெண்டுக்குப் பணம் வரும் தேதியை விட்டுவிட்டு, யாரெல்லாம் பெறத் தகுதியானவர்கள் என்று தீர்மானிக்கக் கம்பெனி குறித்த பதிவுத் தேதியைப் பாருங்கள். இந்த விதி கரடுமுரடானது என்று குறைப்படுபவர்களுக்கு ஒரு தகவல்: இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையையும் டிவிடெண்டையும் நாள்தோறும் சேர்வதாகவே கொண்டு பிரிக்கச் சொன்னது. அந்தக் கணக்கின் தொல்லை தாங்காமல், 2013 அக்டோபர் 1 முதல் உருவான டிரஸ்டுகளுக்கு அதை அங்கேயே விலக்கிவிட்டார்கள்.

எண்ணெய்க் கிணற்றுப் பங்கு ஒன்று இருக்கிறது. மாதாமாதம் பணம் வருகிறது, முழுவதும் வருமானம் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. கிணற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பீப்பாயும் சொத்தைக் குறைக்கிறது. எனவே வரும் பணத்தில் ஒரு பகுதி சொத்தே திரும்பி வருவதுதான். எவ்வளவு பகுதி என்பதில்தான் வரைவுகள் மாறின. 1962 வரைவு 27.5 சதவீதத்தை முதலுக்கு வைத்தது. 1997 வரைவு 90 சதவீதத்தை முதலுக்கு வைத்து 10 சதவீதத்தை மட்டுமே வருமானமாக்கியது. இந்தத் தாவலை எல்லோரும் ஏற்கவில்லை. எண்ணெய் மிகுந்த டெக்சாஸ், நிலையான விகிதத்தை விட்டுவிட்டு, நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டது. காப்புரிமை, பதிப்புரிமை போன்று காலத்தோடு கரையும் உரிமைகளுக்கும் 1997 வரைவில் அதே 10க்கு 90 விகிதம்தான்.

காடு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட அழகான விதி இருக்கிறது. ஆண்டுதோறும் மரங்கள் வளரும் அளவுக்கு உட்பட்டு வெட்டி விற்றது வருமானம். வளர்ச்சியை மிஞ்சி வெட்டியது முதல். ஓய்வூதியக் கணக்குகள் இவ்வளவு தெளிவாக இல்லை. கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையில் 10 சதவீதம் வருமானம் என்று முதலில் இருந்த விதி, மனைவிக்கான எஸ்டேட் வரிச் சலுகையின் நிபந்தனைக்குப் போதாமல் போகலாம் என்று 2006இல் வரித்துறை சொன்னதால் 2008இல் திருத்தப்பட்டது. உங்கள் பத்திரம் அதற்கு முந்தியது என்றால் இதை ஒரு வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

டிரஸ்டில் 10 லட்சம் டாலர் இருக்கிறது. எல்லாம் வளர்ச்சிப் பங்குகள். அம்மாவுக்கு ஆண்டுக்கு வருவது 12,000 டாலர். இது நியாயமா?

நியாயமில்லை, அதை டிரஸ்டி சரிசெய்ய வழியும் இருக்கிறது. பழைய காலத்தில் வருமானப் பயனாளிக்காக டிரஸ்டி கடன்பத்திரங்களாக வாங்கிக் குவித்தார். விலைவாசி ஏற ஏற முதல் கரைந்தது. வருமானமும் விலையேற்றமும் சேர்ந்த மொத்த விளைச்சலைப் பார்த்து முதலீடு செய்யச் சட்டம் அனுமதித்த பிறகு டிவிடெண்ட் சிறுத்தது. இம்முறை அடிபட்டவர் வருமானப் பயனாளி. இதற்காக 1997 வரைவு டிரஸ்டிக்குச் சரிக்கட்டும் அதிகாரம் கொடுத்தது. மற்ற விதிகள் எல்லாவற்றையும் பின்பற்றிய பிறகும் இரு தரப்புக்கும் பாரபட்சமில்லாமல் நடக்க முடியவில்லை என்றால், முதலிலிருந்து ஒரு தொகையை வருமானத்துக்கோ, வருமானத்திலிருந்து முதலுக்கோ அவர் மாற்றலாம். பத்திரம் எழுதியவரின் நோக்கம், விலைவாசி, வரி விளைவு போன்றவற்றை எடைபோட்டு, காரணத்தை எழுத்தில் வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய காரியம் இது.

இன்னொரு வழி, வருமானம் எது என்ற கேள்வியையே விட்டுவிட்டு, சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கொடுப்பது. இதை யூனிட்ரஸ்ட் என்கிறார்கள். பல மாநிலங்கள் இதை அனுமதிக்கின்றன. மாநிலச் சட்டத்தின்படி 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும் விகிதத்தை 2004 முதல் வரித்துறையும் வருமானமாக ஏற்கிறது. உங்கள் 10 லட்சத்துக்கு 4 சதவீதம் என்றால் 40,000 டாலர். சந்தை விழுந்த ஆண்டில் இந்தத் தொகையும் விழும் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல ஆண்டு மதிப்பின் சராசரியை எடுத்துக்கொண்டால் அதிர்ச்சி குறையும்.

டிரஸ்டியே பயனாளியாகவும் இருக்கிறார். அவரும் இப்படி மாற்றிக்கொள்ளலாமா?

கூடாது. தானே பயனாளியாக உள்ள டிரஸ்டிக்குச் சரிக்கட்டும் அதிகாரம் கிடையாது. சம்பந்தப்படாத இன்னொரு டிரஸ்டி உடன் இருந்தால், பத்திரம் தடுக்காத வரை, அவர் செய்யலாம்.

வரிப் படிவத்தில் ஒரு வருமானம், டிரஸ்ட் கணக்கில் வேறு வருமானம் காட்டுகிறீர்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை, சொல்தான் ஒன்று. என்னிடம் வந்த சண்டைகளில் பாதி இந்த ஒரு சொல்லால் வந்தவை. கைக்கு வந்த பணம், வரித்துறை வருமானம் என்று கருதுவது, பத்திரப்படி பயனாளிக்குச் சேர வேண்டியது ஆகிய மூன்றையும் நாம் 'வருமானம்' என்றே சொல்கிறோம். வீட்டு விற்பனை லாபம் வரித்துறைக்கு வருமானம், பேரேட்டில் முதல். எனவே அதற்கான வரியும் முதலிலிருந்தே போக வேண்டும். டிரஸ்ட் ஒரு கூட்டு நிறுவனத்தில் பங்காளியாக இருந்து, அந்த நிறுவனம் 50,000 டாலர் லாபப் பங்கைக் காட்டிவிட்டு 10,000 மட்டுமே கையில் கொடுத்தால், வரி 50,000க்கு, பேரேட்டு வருமானம் 10,000. வரியைக் கட்டிவிட்டு மீதி எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பயனாளிக்கு அனுப்ப வேண்டும்.

பொதுவாக, பயனாளிக்குக் கொடுத்த வருமானத்துக்கு அவரே வரி கட்டுகிறார். டிரஸ்டில் தங்கியதற்கு டிரஸ்ட் கட்டுகிறது. 2025இல் தனிநபருக்கு 37 சதவீத வரி 6,26,350 டாலருக்கு மேல்தான் தொடங்கியது; டிரஸ்டுக்கு 15,650 டாலரிலேயே தொடங்கிவிட்டது. பத்திரம் அனுமதித்தால், ஆண்டு முடிந்து 65 நாளுக்குள் கொடுத்ததையும் முந்தைய ஆண்டுக் கணக்கில் சேர்க்கத் தேர்ந்தெடுக்கலாம். வரி மிச்சமாகும் என்பதற்காக முதலை வருமானம் என்று எழுதச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு நான் கையெழுத்திடுவதில்லை.

அம்மா இறந்தபோது டிரஸ்ட் கணக்கில் 9,000 டாலர் வருமானம் கொடுக்காமல் இருந்தது. அது பிள்ளைகளுக்குத்தானே?

வருமானம் முழுவதும் அவருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று பத்திரம் சொல்லியிருந்தால், அவர் இறக்குமுன் வந்து சேர்ந்த நிகர வருமானம் அவருடைய எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுச்சென்ற சொந்தச் சொத்தோடு சேரப் போகும். அவர் உயிலில் குறித்தவர்கள் வேறு ஆட்களாக இருந்தால் பிள்ளைகளுக்கு வராது. கொடுப்பதும் கொடுக்காததும் டிரஸ்டியின் விருப்பம் என்று எழுதியிருந்தால் இந்த உரிமை இல்லை. வந்து சேராமல் சேர்ந்துகொண்டிருந்த வட்டியும் அவர் பங்கில் வராது.

பல ஆண்டுகளாகத் தவறாகப் பிரித்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் எந்தத் தொகை, எந்த ஆண்டில், எந்தப் பத்தியில் தவறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். வருமானப் பயனாளிக்கு அதிகம் போயிருந்தால், அடுத்து வரும் தொகைகளில் பிடித்துக்கொள்வது வழக்கமான வழி. அவர் அதை நம்பி ஏற்கெனவே செலவழித்திருந்தால் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம். பிடிக்க முடியாததை டிரஸ்டி தன் கையிலிருந்து ஈடுகட்ட நேரிடும். தரப்பினர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஆண்டுக் கணக்குகளையும் நீதிமன்றம் ஏற்ற கணக்குகளையும் மறுபடி திறப்பது கடினம்; எனவே எந்தெந்த ஆண்டுகளுக்குக் கையெழுத்து இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் பற்றி மேலே சொன்ன டிரஸ்டில், குடியிருந்தவருக்கு 6,000 டாலரை முதலிலிருந்து கொடுத்துவிட்டு, வருமானப் பயனாளியின் சம்மதத்தோடு மாதம் 250 வீதம் இருபத்துநான்கு மாதம் பிடித்தோம். பேரேட்டில் ஒவ்வொரு மாதமும் வருமானப் பத்தியில் ஒரு பற்று, முதல் பத்தியில் ஒரு வரவு. அவற்றுக்கு எதிரே 'முன்பணம், திருத்தம்' என்று எழுதினேன்.